கணக்கு சரி, விடை தப்பு: வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் கணக்கில் வரும் கோளாறுகள்

வோல்ட்டை (மின்னழுத்தம்) ஆம்பியரால் (மின்னோட்டம்) வகுத்தால் ஓம் (மின்தடை). வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் (திறன்). பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த இரண்டு வரிக்கு மேல் இதில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ஆம்பியர் கையில் இல்லாதபோது வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் வரும். வோல்ட் இல்லாதபோது ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி ஓமாலும் பெருக்கினால் வாட் வரும். இவை இரண்டும் முதல் இரண்டின் பிள்ளைகள்தான்.

ஆனாலும், பழுது பார்க்கும் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு "கணக்கைச் சரியாகத்தான் போட்டேன், விடை ஒட்டவில்லை" என்று சொல்பவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வகுத்தலிலும் பெருக்கலிலும் அவர்கள் தவறுவது அபூர்வம். வோல்ட்டை ஓரிடத்தில் அளந்திருப்பார்கள், ஆம்பியரை வேறிடத்தில். பொருள் குளிர்ந்து கிடக்கும்போது ஓமை அளந்துவிட்டு, அது கொதிக்கும்போது என்ன இழுக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். பலர் வோல்ட்டை அளப்பதே இல்லை. 230 என்று எழுதிவிடுவார்கள். அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த எண்களெல்லாம் ஒரே பொருளில், ஒரே நேரத்தில் எடுத்தவையா?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விதிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜார்ஜ் சைமன் ஓமே 1825-இல் வெளியிட்ட முதல் கட்டுரையில் தவறான சூத்திரத்தைத்தான் எழுதினார். அவர் பயன்படுத்திய மின்கலம், கம்பியை இணைத்ததும் தளர்ந்துபோகும். ஒரு கம்பியை அளந்து முடித்து அடுத்த கம்பிக்கு வருவதற்குள் மின்னழுத்தம் மாறியிருக்கும். பிறகு பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணைக்கு, அதாவது இரு முனைகளின் வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்புக்கு, மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறு முனை பனிக்கட்டியில். மின்னழுத்தம் அசையாமல் நின்றது, விதியும் வந்து விழுந்தது.

மீட்டரைத் தொடும் முன்

மல்டிமீட்டரில் ஆம்பியர் அளக்க 10 ஆம்பியர் என்று எழுதிய தனி ஓட்டை உண்டு. சிவப்பு புரோபை அதில் செருகி ஆம்பியர் அளந்துவிட்டு, அங்கேயே மறந்து விட்டபடி சுவர் சாக்கெட்டில் வோல்ட் அளக்கப் போனால், ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரு கம்பியால் நேராக இணைத்ததற்குச் சமம். பொறி பறக்கும், மலிவான மீட்டராக இருந்தால் கையிலேயே வெடிக்கும். வீட்டு மின்சாரத்தில் ஆம்பியரை, கம்பியை வெளியிலிருந்து கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் மட்டும் அளப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் அளப்பதென்றால் பிளக்கை உருவிய பிறகுதான். திறந்த இணைப்புகளில் மின்சாரம் இருக்கும்போது அளக்கச் சொல்லும் இடங்கள் கீழே சில வரும். அவை வயர்மேன் வேலை தெரிந்தவர்களுக்கு.

"விடை ஆயிரம் மடங்கு எகிறுகிறது"

5 வோல்ட், 20 மில்லிஆம்பியர். ஒருவர் 5 ÷ 20 என்று வகுத்து 0.25 ஓம் என்பார். சரியான விடை 250 ஓம். 20 மில்லிஆம்பியர் என்பது 0.020 ஆம்பியர், அவ்வளவுதான். மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு குறுக்கு வழி: வோல்ட்டை மில்லிஆம்பியரால் வகுத்தால் வருவது கிலோஓம், பெருக்கினால் வருவது மில்லிவாட். தானாக அளவெல்லை மாற்றிக்கொள்ளும் மீட்டரில் திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் வரும் கிலோ, மெகா குறிகளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொள்வதும் இதே நோய்தான்.

"100 வாட் குண்டு பல்பு 40 ஓம்தான் காட்டுகிறது"

கணக்குப்படி 230 × 230 ÷ 100 = 529 ஓம் வர வேண்டும். மீட்டரோ நாற்பதையொட்டி ஏதோ காட்டும். அந்த நாற்பதை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் பல்பு 1300 வாட் இழுக்கிறது என்று வரும். மீட்டரும் பொய் சொல்லவில்லை, பல்பும் கெடவில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது இரண்டாயிரம் டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூட்டில் அதன் மின்தடை குளிர்ந்திருக்கும்போது உள்ளதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும் பல்பின் தடை வேண்டுமானால் எரியும்போதே வோல்ட்டையும் ஆம்பியரையும் எடுத்து வகுக்க வேண்டும். குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில் உயிரை விடுவதற்கும் காரணம் இந்த 40 ஓம்தான்: அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் பாயும்.

கீசர், இஸ்திரிப் பெட்டி, தண்ணீரில் போடும் ஹீட்டர் ஆகியவற்றின் எலிமென்ட் நிக்ரோம் கம்பி. அது சூட்டுக்கு அவ்வளவாக அசையாது. மாற்றம் சில சதவீதம்தான். ஆகவே 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 53 ஓம், 1500 வாட் ஹீட்டர் 35 ஓம், 2000 வாட் கீசர் 26 ஓம் என்று குளிர்ந்த நிலையில் அளந்ததையே நம்பலாம். கீசரில் மட்டும் ஒரு சிறு கண்ணி உண்டு. தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருந்தால், சூட்டைப் பார்த்து இணைப்பைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் திறந்திருக்கும். பிளக் கால்களில் வைத்து அளந்தால் மீட்டர் 'ஓஎல்' (அளவெல்லை தாண்டியது) என்று காட்டும். எலிமென்ட் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டிக் கடைக்கு ஓடாதீர்கள். ஆறவிட்டு அளங்கள், அல்லது மூடியைத் திறந்து எலிமென்ட்டின் இரு முனைகளில் நேரடியாக வையுங்கள்.

"2000 வாட் கீசர், ஆனால் தண்ணீர் சூடாக நேரமாகிறது"

ஓம் சரியாக 26 காட்டுகிறது. எலிமென்ட் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் வோல்ட்டைப் பாருங்கள், அதுவும் கீசர் ஓடிக்கொண்டிருக்கும்போது. மாலையில் தெருவே மின்சாரம் இழுக்கும் நேரத்தில், மின்மாற்றியிலிருந்து தொலைவில் இருக்கும் வீடுகளில் 180 வோல்ட்டுக்கு இறங்குவதை அளந்திருக்கிறேன்.

180 வோல்ட் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் குறைவு. வாட்டும் அந்த அளவுக்குத்தான் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது, இரண்டும் சேர்ந்து வாட்டைத் தின்கின்றன. 180 × 180 ÷ 26.45 = 1225 வாட். ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட்டில் பதினோரு நிமிடம், பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். 1225 வாட்டில் பத்தொன்பது நிமிடம். மின்கட்டணத்தில் இதனால் பெரிய வேறுபாடு வராது, குறைந்த வாட்டில் கூடுதல் நேரம் ஓடுகிறது, யூனிட் ஏறக்குறைய அதேதான். அவசரமாகக் குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவருக்குத்தான் வருத்தம்.

பெயர்ப்பலகையில் அச்சிட்ட வாட், அதே பலகையில் அச்சிட்ட வோல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும். அந்த வோல்ட் எண்ணை யாரும் படிப்பதில்லை.

"பிளக் சுடுகிறது, சாக்கெட் மஞ்சளாகிறது"

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீடுகளில் தீப்பிடிக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது, கணக்கும் இங்கேதான் நன்றாக உதவுகிறது.

ஒரு வீட்டில் கீசர் பிளக் கையில் பிடிக்க முடியாத சூடு. வீட்டுக்காரர் மூன்று முறை பிளக் மாற்றிவிட்டார். "கீசர் அதிக ஆம்பியர் இழுக்கிறது, எலிமென்ட் கோளாறு" என்பது அவர் முடிவு. கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் 8.2 ஆம்பியர். இருக்க வேண்டியதைவிடக் குறைவுதான். குறைவாக இழுக்கும் ஒன்று எப்படி அதிகமாகச் சுடும்?

சுமை இல்லாமல் சாக்கெட்டில் அளந்தால் 228 வோல்ட். எல்லாம் சரி என்று மீட்டரை மூடிவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆம்பியர் ஓடாதபோது எந்தத் தளர்ந்த இணைப்பும் வோல்ட்டைத் தின்னாது, ஏனென்றால் தடை எவ்வளவு இருந்தாலும் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தான். கீசரைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும். போட்டோம். மெயின் சுவிட்சில் 226 வோல்ட், அதே நேரம் கீசர் முனைகளில் 218. நடுவில் 8 வோல்ட்டைக் காணவில்லை.

8 ÷ 8.2 என்றால் ஏறக்குறைய 1 ஓம். 8 × 8.2 என்றால் 66 வாட். வழியில் எங்கோ 66 வாட் வெப்பமாகக் கசிந்துகொண்டிருக்கிறது. இதில் கம்பியின் பங்கு எவ்வளவு? மெயினிலிருந்து கீசர்வரை 15 மீட்டர், போக வர 30 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. அந்தத் தடிமனுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம், 30 மீட்டருக்கு 0.22 ஓம். அது தின்பது 1.8 வோல்ட், 15 வாட், அதுவும் முப்பது மீட்டர் நீளத்தில் பரவிவிடுவதால் தொட்டால்கூடத் தெரியாது. மீதி 50 வாட் ஒரே ஒரு புள்ளியில் இறங்குகிறது. பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சாக்கெட்டுக்குள் இரண்டு சால்டரிங் அயர்னை வைத்து அடைத்ததுபோல என்று அந்த வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. கீசர் ஓடும்போது, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளக்காமல், ஒரே கம்பியின் வழியில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே அளக்க வேண்டும். போட்ட நிலையில் சுவிட்சின் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் நடுவே, சாக்கெட் முனைக்கும் பிளக் காலுக்கும் நடுவே என்று ஒவ்வொன்றாக. நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் வராது. எங்களுக்குச் சாக்கெட்டின் நியூட்ரல் முனையில் 6 வோல்ட் கிடைத்தது. திருகு இளகி, கம்பி கருத்துப்போயிருந்தது. மூன்று முறை பிளக் மாற்றியவர் சாக்கெட்டை ஒருமுறைகூடத் திறந்திருக்கவில்லை.

மல்டிமீட்டரின் ஓம் முறையில் இந்தக் கோளாறு சிக்காது. புரோப் கம்பிகளுக்கே 0.2 முதல் 0.5 ஓம்வரை தடை இருக்கும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், பூஜ்யம் வராது. தேடும் பொருளும் அளவுகோலின் பிழையும் ஒரே உயரம். ஒரு ஓமுக்குக் குறைவான எதையும் ஆம்பியரை ஓடவிட்டு, விழும் வோல்ட்டை அளந்து வகுத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

"கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது"

முழு வயரையும் கவ்வியிருப்பீர்கள். போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். இதற்காக ஓர் எக்ஸ்டென்ஷன் வயரின் மேலுறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நீக்கி, உள்ளே இருக்கும் மூன்று கம்பிகளையும் அவற்றின் காப்புறை கெடாமல் பிரித்து வைத்துக்கொள்வேன். சிறிய ஓட்டமாக இருந்தால் அந்தக் கம்பியைக் கவ்வியின் வாயில் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். வருவதைப் பத்தால் வகுங்கள்.

"9 வாட் எல்இடி பல்பு 18 வாட் இழுக்கிறது!"

பத்துச் சுற்றுச் சுற்றி அளந்தவர்கள்தான் இந்தப் புகாரோடு வருவார்கள். 0.078 ஆம்பியர், 230 வோல்ட், பெருக்கினால் 18. "கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று கொதிப்பார்கள்.

மாறுதிசை மின்சாரத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வோல்ட்-ஆம்பியர். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, குண்டு பல்பு போன்றவற்றில் அதுவே வாட்டும் ஆகும். எல்இடி பல்பு, மோட்டார், செல்பேசி சார்ஜர் போன்றவற்றில் ஓட்டம், அழுத்தத்தோடு ஒத்து ஏறி இறங்குவதில்லை. திறன் காரணி என்ற இன்னோர் எண்ணாலும் பெருக்க வேண்டும். மலிவான எல்இடி பல்பில் அது 0.5 அளவில் இருக்கும். 18 × 0.5 = 9 வாட். வீட்டு மீட்டர் கணக்கில் ஏறுவதும் இந்த 9-தான்.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டு மின்மீட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது பக்கத்திலேயே எழுதியிருக்கும். 3200 என்று இருந்தால், 1125-ஐ இரண்டு மினுக்கலுக்கு இடையே ஆகும் நொடிகளால் வகுத்தால் வாட். ஒரு பல்பென்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்துக் கிடக்க வேண்டும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பத்து பல்புகளை ஒன்றாக எரியவிடுங்கள். பன்னிரண்டரை நொடிக்கு ஒருமுறை மினுக்கினால் 90 வாட். உண்மையிலேயே 180 வாட்டாக இருந்தால் ஆறேகால் நொடிக்கு ஒருமுறை மினுக்கும். வோல்ட், ஆம்பியர் எதுவும் தேவைப்படாத இந்த அளவை, என் கண்ணுக்கு, பல மீட்டர்களைவிட நாணயமானது.

"ரெசிஸ்டர் கருகிவிட்டது, ஓம் சரியாகத்தான் போட்டேன்"

ஓம் சரி, வாட்? 12 வோல்ட்டில் 100 ஓம்: 12 × 12 ÷ 100 = 1.44 வாட். போட்டது கடையில் கைநிறைய அள்ளித் தரும் கால் வாட் ரெசிஸ்டர். தாங்கக்கூடியதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. கால் வாட் 100 ஓம் ரெசிஸ்டர் 5 வோல்ட்டிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். நான் கணக்கில் வருவதைப்போல இரண்டு மடங்கு வாட் தாங்குவதைப் போடுவேன். இந்த இடத்தில் 3 வாட்.

எல்இடிக்குத் தொடரில் ரெசிஸ்டர் போடும்போது இன்னொரு பிழை நடக்கும். 3.2 வோல்ட், 20 மில்லிஆம்பியர், ஆகவே எல்இடி "160 ஓம்" என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு கணக்குப் போடுவார்கள். அந்த 160 அந்த ஒரு நிலையில் மட்டும் உண்மை. வோல்ட் ஒரு துளி ஏறினால் எல்இடியில் ஓட்டம் பாய்ந்து ஏறும். அதற்கென்று நிலையான ஓம் கிடையாது. மீதி வோல்ட்டை மட்டும் பாருங்கள்: 12 − 3.2 = 8.8. அதை 0.020-ஆல் வகுத்தால் 440. கடையில் கிடைப்பது 470 ஓம், வெப்பம் 0.17 வாட்டுக்குள், கால் வாட் போதும்.

"வோல்ட் இருக்கிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை"

பயன்பாட்டில் இல்லாத ஒரு கம்பியில் 80, 90 வோல்ட் என்று மீட்டர் காட்டும். பக்கத்தில் ஓடும் கம்பியிலிருந்து தொற்றியது அது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம் என்பதால் அந்த நூல் போன்ற ஓட்டத்தையும் அது வோல்ட்டாகக் காட்டிவிடும். ஒரு குண்டு பல்பை இணைத்துவிட்டு அளங்கள். உண்மையான வழங்கல் இல்லையென்றால் வோல்ட் படுத்துவிடும். சாக்கெட்டின் இரண்டு ஓட்டைகளிலும் டெஸ்டர் எரிந்தால் அது வேறு கதை: நியூட்ரல் அறுந்திருக்கிறது, எங்கோ போட்டு வைத்த விளக்கின் வழியாக ஃபேஸ் திரும்பி வருகிறது. மெயினை இறக்கிவிட்டுத் தேடுங்கள்.

"மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை"

முதலில் ஒரு தவறான தடயத்தை ஒதுக்கிவிடலாம். ஒரு குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டாரின் ஓட்டக் காயிலை அளந்தால் நான்கு ஓம் போலக் காட்டும். 230 × 230 ÷ 4 என்று போட்டால் 13,000 வாட்! காயில் ஷார்ட் என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. மீட்டர் காட்டுவது செம்புக் கம்பியின் தடையை மட்டும். மோட்டார் சுற்றும்போது காயிலின் காந்தப்புலமே வரும் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். அதனால் ஓட்டம் ஏழெட்டு ஆம்பியருக்குள் அடங்குகிறது. அந்த எதிர்ப்பை எந்த ஓம் மீட்டரும் காட்டாது.

ஒரு தோட்டத்தில் இப்படித்தான். இரண்டு முறை காயில் கட்டியும் மோட்டார் பகலில் உறுமும், நள்ளிரவுக்கு மேல் ஒழுங்காக ஓடும். மீட்டர் பெட்டியில் 225 வோல்ட் இருக்கிறது, மின்சாரத்தில் குறையில்லை என்றார் உரிமையாளர். பெட்டியிலிருந்து கிணறு 60 மீட்டர். அத்தனை தூரத்துக்கும் போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக வர 120 மீட்டருக்கு 1.45 ஓம். ஓடும்போது 8 ஆம்பியர் என்றால் இழப்பு 11.6 வோல்ட்தான், அதைப் பொறுத்துக்கொள்ளும். கிளம்பும்போது கிளாம்ப் மீட்டர் 30 ஆம்பியர் காட்டியது. 30 × 1.45 = 43 வோல்ட் கம்பியிலேயே போயிற்று. பெட்டியில் 225 இருந்த அந்த நொடியில் மோட்டாருக்குக் கிடைத்தது சுமார் 180. மோட்டாரின் சுழற்றும் விசையும் வோல்ட்டின் வர்க்கத்தோடு இறங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. இரவில் பெட்டியிலேயே 240 வந்ததால் தப்பித்தது.

அதே 60 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் 0.55 ஓம், கிளம்பும்போது இழப்பு 17 வோல்ட்டுக்குள். மோட்டாருக்கு 208 கிடைக்கும். கம்பி விலையைக் கேட்டதும் அவர் தயங்கினார். மூன்றாவது முறை காயில் கட்ட ஆகும் கூலியைப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அடுத்த வாரம் கம்பி மாறியது. கட்டி வைத்த காயில் இன்னும் அதேதான்.